அத்தியாயம் 14: அப்பா கட்டத்தில் ஒரு புள்ளி

"பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு அக்கா வந்து இறங்கி நாலு மாசம் ஆகிவிட்டது. அவளுடைய நீலப் பெட்டி இன்னும் கட்டிலுக்குப் பக்கத்தில் வாயைப் பாதி திறந்தபடி கிடக்கிறது. வேண்டிய துணியை அதிலிருந்து எடுப்பாள். துவைத்து, மடித்து, திரும்ப அதிலேயே வைப்பாள். அலமாரியில் அம்மா அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுத்த தட்டில் இன்றுவரை ஒரு கைக்குட்டைகூட ஏறவில்லை.

மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. அதுதான் வீட்டில் எல்லோரும் சொல்கிற பதில். முதலில் யார் சொன்னது என்று யாருக்கும் ஞாபகமில்லை. சொல்லிச் சொல்லி அது சுவரில் மாட்டிய படம் மாதிரி ஆகிவிட்டது. இருக்கிறது என்று தெரியும், யாரும் நின்று பார்ப்பதில்லை.

சின்னவள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கத்தான் இல்லை. கேட்டால் சண்டை வரும். அவள் சாதாரணமாக "மணி என்ன" என்று கேட்டாலே சண்டை மாதிரிதான் இருக்கும். ஆபீசில் அவளுக்கு 'வெடி' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

அன்று காலை அவள் ஏழரைக்கே கிளம்பி நின்றாள். அம்மா சலவைக் கம்பெனி ஷிப்டுக்குச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

"இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு என்னோடது லைவ் போகுதும்மா. வேன் கம்பெனிக்கு எழுதினேன்ல, அது."

"ஆறு மாசமா எழுதறியே, அதா? அது என்னடி பண்ணும்?"

சின்னவள் யோசித்தாள். ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, வகை, வினவல் என்று ஆரம்பித்தால் அம்மாவுக்கு ஷிப்ட் போய்விடும்.

"கேட்டதை மட்டும் கொடுக்கும்மா. கேக்காததைக் கொடுக்காது. எந்தக் கட்டத்துல என்ன வரும்னு முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டா, அதைத் தவிர வேற எதையும் உள்ள விடாது. சொன்ன சொல்லு மாறாது."

"நம்ம வீட்ல இப்படி ஒரு ஆள் இல்லாம போச்சே" என்று அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அக்கா குட்டிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். குட்டிக்கு ஆறு வயது. அக்காவின் ஒரே மகள். அக்கா வேலை பார்ப்பது லிஃப்ட் கம்பெனியில், புகார் போன் எடுக்கிற மேஜையில். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அலறுவார்கள். அவள் அலறாமல் பேசுவாள். "பதறாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. ஆள் வந்துட்டிருக்காங்க." வீட்டிலும் அதே குரல்தான்.

"ஆல் த பெஸ்ட்டு டீ" என்றாள் அக்கா, பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "யாரையும் கடிச்சு வெக்காத."

வாசலில் அப்பா ஒன்பதாம் நம்பர் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேன். பதினாறு பிள்ளைகள். அதில் ஒருத்தி குட்டி. அதே வேன் கம்பெனிக்குத்தான் மகள் மென்பொருள் எழுதுகிறாள் என்பதில் அவருக்கு இருக்கிற பெருமையை அவர் வாயால் சொல்லமாட்டார். துடைக்கிற துணி சொல்லும். அன்று நாலு தடவை துடைத்தார்.

•

பன்னிரண்டு மணிக்கு மாற்றினார்கள். ஒரு சத்தமும் இல்லை. மானேஜர் எல்லோருக்கும் டீ சொன்னார். எதிர் மேஜையில் இருக்கிறவன், தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் 'கண்ணாடி', கையைத் தட்டினான்.

பழைய மென்பொருள் ஒரு குப்பைத் தொட்டி. யார் எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், கேட்டால் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டும். சின்னவள் அதை ஒழித்துக்கட்டினாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வகை வைத்தாள். பெயர் என்றால் எழுத்து. போன் என்றால் பத்து இலக்கம், அதற்கென்று தனி வகையே எழுதினாள். கட்டாயம் இருக்கவேண்டிய கட்டத்துக்குப் பின்னால் ஒரு ஆச்சரியக்குறி. அதுதான் அவள் எடுத்தாண்ட லைப்ரரியின், அந்த ஆயத்த நிரல் தொகுப்பின், வழக்கம். ஆச்சரியக்குறி போட்டால், இது காலியாக இருக்கவே இருக்காது என்று சத்தியம் செய்த மாதிரி.

எதெது கட்டாயம்? அதை அவள் யோசிக்கவில்லை. வேன் கம்பெனியின் பழைய விண்ணப்பத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் நட்சத்திரம் போட்ட இடத்திலெல்லாம் ஆச்சரியக்குறி போட்டாள். அப்பா, நட்சத்திரம். அப்பாவின் போன், நட்சத்திரம். அம்மாவுக்கு நட்சத்திரம் இல்லை. அது அன்றைக்கு அவள் கண்ணில் படவே இல்லை. அவள் கண்ணிலேயே படவில்லை என்பதுதான் கேவலம்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அப்பாவின் போன் வந்தது. அப்பா வேலை நேரத்தில் கூப்பிடுகிறவரே இல்லை.

"சொல்லுப்பா."

"ஒண்ணும் அவசரமில்லம்மா. ஸ்கூல் கேட்ல நிக்கிறேன். போன்ல வந்த புது லிஸ்ட்டு நல்லாருக்கு, எழுத்து பெருசா இருக்கு. ஆனா பதினஞ்சு பேர்தான் இருக்கு."

"யார் லீவு?"

"யாரும் லீவு இல்ல. குட்டி பேரு இல்ல. நீ பண்ண மிஷினு உன் அக்கா பொண்ணையே தெரியாதுங்குது."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். பள்ளியின் கேட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா. "என் போன்லயும் இல்லீங்க சார். லிஸ்ட்ல இல்லாத பிள்ளைய நான் வெளியே விடமாட்டேன்."

"நாலு வருஷமா என்னைப் பாக்கறியேம்மா. அவ என் பேத்தி."

"நேத்து வரைக்கும் நீங்க தாத்தா. இன்னிலேர்ந்து லிஸ்ட்டு சொல்றவங்கதான் தாத்தா. நான் என்ன பண்ண? மணி அடிக்க இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. சரி பண்ணச் சொல்லுங்க."

சின்னவளுக்கு அந்த அம்மாள் மீது கோபம் வரவில்லை. அவள் செய்வதுதான் சரி. கோபம் அதைவிட மோசமான இடத்துக்குப் போனது.

"அப்பா, நீ அங்கயே இரு. குட்டிய விட்டுட்டு வேனை எடுக்காத."

"எடுப்பேனா?" என்றார் அப்பா, அவ்வளவுதான்.

அவர் எடுக்கமாட்டார். அவருக்குத் தன் வேனில் எத்தனை தலை என்று தெரியும். ஆனால் ஊரெல்லாம் ஓடுகிற மற்ற வேன்கள்? புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர்கள்? லிஸ்ட்டில் இல்லாத பிள்ளையை யார் தேடுவார்கள்?

அவள் மென்பொருளிடம் மொத்த எண்ணிக்கையைக் கேட்டாள். நேற்று ஆயிரத்து நூற்று நாற்பது பிள்ளைகள். இன்று ஆயிரத்துத் தொண்ணூற்று ஏழு. நாற்பத்து மூன்று பேரைக் காணோம்.

•

கண்ணாடி தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். அவள் ஒரே ஒரு கேள்வி எழுதினாள். அப்பாவின் போன் கட்டத்தில் பத்து இலக்கம் இல்லாதவர்கள் யார் யார்?

வந்தது.

ஒருத்தர் 'இல்லை' என்று எழுதியிருந்தார். ஒருத்தர் ஒரே ஒரு பூஜ்யம். ஒருத்தர் 'அம்மாவிடம் கேட்கவும்'. 'தெரியாது'. 'இறந்துவிட்டார், தயவுசெய்து இந்த எண்ணைக் கேட்காதீர்கள்'. சிறு கோடு, சிறு கோடு, சிறு கோடு. பழைய மென்பொருள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அதற்கு எழுத்து என்றால் எழுத்துதான். இவளுடைய புது வகை வாங்கிக்கொள்ளவில்லை. போன் தப்பு என்றது. போன் கட்டாயம், ஆகவே அப்பா தப்பு என்றது. அப்பா கட்டாயம், ஆகவே குழந்தையே தப்பு என்று எடுத்து வெளியே போட்டுவிட்டது. லைப்ரரிமேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதிக் கொடுத்ததை அது அப்படியே நம்பியது.

"சோதிச்சுப் பாத்தோமே வெடி" என்றான் கண்ணாடி.

"நான் சோதிக்கறதுக்கு உருவாக்கின இருபது பிள்ளைக்கும் அப்பா இருந்தாங்கடா. இருபது அப்பாவுக்கும் போன் இருந்துச்சு."

பட்டியலில் முப்பத்தி ஒன்றாவது வரி குட்டி. அப்பா பெயர்: ஒரு புள்ளி. அப்பா போன்: ஒரு புள்ளி. பதிவு செய்தவர்: அம்மா. அதாவது அக்கா. பதிவு செய்த தேதியைப் பார்த்தாள். அக்கா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்.

பத்து நாள் என்று சொல்லிக்கொண்டிருந்த மூன்றாம் நாள். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை என்று எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்த மூன்றாம் நாள். எந்த வெளியூரில் வேலை பார்க்கிற ஆளுக்கும் போன் நம்பர் இல்லாமலா இருக்கும்?

மானேஜர் வந்து பின்னால் நின்றார். "என்ன, பழசுக்கே திரும்பிடலாமா?"

"தரவெல்லாம் மாத்தியாச்சு சார். திரும்ப ஒரு மணி நேரம் ஆகும்" என்றான் கண்ணாடி.

"அப்ப சிம்பிள். அந்த நாப்பத்து மூணு பேருக்கும் ஒரு டம்மி நம்பர் போட்டு விடு. பத்து ஒன்பது. மெதுவா அப்புறம் பாத்துக்கலாம்."

"முடியாது."

"ஏம்மா?"

"வேன் வழியில நின்னுட்டா அந்த நம்பருக்குத்தான் போன் போகும் சார். யாரோ ஒருத்தர் எடுத்து 'என் பிள்ளையா?'ன்னு முழிப்பாரு. அவங்க அம்மா அங்க நடு ரோட்ல நிப்பாங்க."

"ஒரு நாளைக்குத்தானே?"

"சார், அந்தக் கட்டத்துல பொய் எழுதச் சொல்லித்தான் இத்தனை நாள் நாமளே அவங்களைக் கட்டாயப்படுத்தியிருக்கோம். இப்ப அவங்க பொய் போதலைன்னு நம்ம பொய்யை வேற எழுதணுமா?"

மானேஜர் கெட்டவர் இல்லை. வீட்டில் எல்லாக் கட்டமும் நிரம்பிய மனிதர், அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்தார். "பதினஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்யவேண்டியது இரண்டே எழுத்து. அப்பாவுக்குப் பின்னால் இருந்த ஆச்சரியக்குறியை அழித்தாள். போனுக்குப் பின்னால் இருந்ததையும் அழித்தாள்.

உடனே திரை முழுக்கச் சிவப்புக் கோடு. பதினோரு இடத்தில். அது அந்த லைப்ரரியின் நல்ல குணம். கட்டம் காலியாக இருக்கலாம் என்று ஒரு இடத்தில் ஒப்புக்கொண்டால், அந்தக் கட்டத்தைக் கேட்கிற இடத்திலெல்லாம் வந்து நிற்கும். அப்பா இல்லையென்றால் இங்கே யார்? வேன் தாமதமானால் யாருக்குச் செய்தி? காய்ச்சல் என்றால் யாருக்குப் போன்? கேட்டில் யார் கையில் பிள்ளையைக் கொடுப்பது? பதில் எழுதாமல் ஒரு அடி நகரவிடாது.

"நீ மேல ஆறு, நான் கீழ அஞ்சு" என்றாள்.

"பதில் என்ன எழுதறது?"

"அம்மா. அம்மா இல்லேன்னா பொறுப்பாளர்னு யாரைக் கொடுத்திருக்காங்களோ, அவங்க. அப்படி ஒருத்தர்கூட இல்லேன்னா மட்டும் தடு."

தட்டினார்கள். ஆறாவது சிவப்புக் கோடு அணைந்தபோது அவளுக்கு வேறொரு தாள் ஞாபகம் வந்தது. கல்லூரியில் சேர்ந்த அன்று கொடுத்தது. 'தந்தையின் கல்வித் தகுதி', பக்கத்தில் நட்சத்திரம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். "கோடு போட்டுரும்மா" என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. அவள் போட்டாள். அந்தக் கோட்டை இழுக்கக் கை எவ்வளவு கூசியது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நாற்பத்து மூன்று பேருக்கு அதே நட்சத்திரத்தை எடுத்து ஒட்டியிருக்கிறாள். படித்து வாங்கிய பட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போடலாம் போல இருந்தது.

மூன்று இருபத்தி ஆறுக்குக் கடைசிக் கோடு அணைந்தது. அனுப்பினாள். போனைக் காதில் வைத்தாள்.

"அப்பா, லிஸ்ட்டைத் தள்ளி விட்டுத் திரும்பத் திற."

கொஞ்சம் மூச்சு. தூரத்தில் மணி அடிக்கிற சத்தம். பிள்ளைகளின் இரைச்சல்.

"பதினாறு" என்றார் அப்பா.

"வாங்க தாத்தா, கூட்டிட்டுப் போங்க" என்றாள் கேட் அம்மா. "சும்மா சொல்லக்கூடாது, எழுத்து பெருசாத்தான் இருக்கு."

சின்னவள் மொத்த எண்ணிக்கையைக் கேட்டாள். ஆயிரத்து நூற்று நாற்பது. கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இரண்டு பேரும் ஆறிப்போன டீயைக் குடித்தார்கள்.

•

சாயங்காலம் ஆறரைக்கு வீடு. அம்மா இன்னும் வரவில்லை. அப்பா வேனை நிறுத்தப் போயிருந்தார். குட்டி தரையில் குப்புறப் படுத்து ஒரு வீட்டுக்குப் பதினெட்டு ஜன்னல் வரைந்துகொண்டிருந்தாள். அக்கா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் வாசற்படியிலேயே கத்துவது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். நாலு மாசம், அக்கா, நாலு மாசம், எங்களை என்ன கேனையன்னு நெனச்சியா, என்று முதல் வரிகூடத் தயார். சமையலறைக்குள் போனதும் அக்காவின் முதுகைப் பார்த்தாள். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. அடி வாங்கத் தயாராக நிற்கிற முதுகு.

"அப்பா போன் பண்ணாரு" என்றாள் அக்கா, திரும்பாமல். "நடந்ததைச் சொன்னாரு. உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நெனைக்கிறேன்."

கத்தல் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

"திரும்பிப் போகப்போறதில்லேன்னு மூணாம் நாளே தெரியுமாக்கா உனக்கு?"

"வர்றதுக்கு முன்னாடியே தெரியும். மூணாம் நாள் அந்த ஃபார்ம் கேட்டுச்சு. நீங்க யாரும் கேக்கலை. அது கேட்டுச்சு. காலியா விட்டா அடுத்த பக்கம் போகமாட்டேன்னு அடம். அவர் நம்பரைப் போட மனசு வரலை. சரி, ஒரு புள்ளி வெச்சேன். போயிருச்சு."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உங்களுக்குத்தான் வெளியூர் வேலை இருந்துச்சே."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, களைப்பு இருந்தது.

"திட்டணும்னா திட்டு. மாட்டிக்கிட்டு நிக்கிறவங்களை நாள் முழுக்கச் சமாதானப்படுத்தறேன்டி. என்னை யாரு?"

"பதறாத" என்றாள் சின்னவள். "கதவைத் தள்ளாத. ஆள் வந்தாச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்றுதான் சிரித்தாள். கத்தியைக் கீழே வைக்க வேண்டியதாகிவிட்டது.

சின்னவள் போனை நீட்டினாள். புதுப் படிவம். சாயங்காலம் நாற்பத்து மூன்று பேருக்கும் அனுப்பியிருந்தார்கள். பொறுப்பாளர்கள் என்று ஒரே தலைப்பு, கீழே எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒருத்தராவது இருக்கவேண்டும், அது மட்டும்தான் கட்டாயம்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் பெயரை எழுதினாள். தாத்தா. பாட்டி. சித்தி. "உன் நம்பரு என்னடி, கடைசி ரெண்டு மறந்து போச்சு." பிறகு கீழே வந்தாள்.

"அப்பா கட்டம் இன்னும் இருக்கே."

"இருக்கு. நட்சத்திரம் இல்ல."

அங்கே பழைய புள்ளி நின்றது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலால் ஒரு தட்டு. புள்ளி போனது. கட்டம் வெள்ளையாக இருந்தது. சேமி என்பதை அழுத்தினாள். அது ஒன்றும் கேட்காமல் அடுத்த பக்கம் போனது.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா, ஏமாந்தவள் போல.

"அவ்வளவுதான்."

அப்போதுதான் போன் சிணுங்கியது. பிள்ளையின் உறவுக்காரர் யாரும் தன்னையும் பொறுப்பாளராகச் சேர்க்கச் சொல்லிப் புது மென்பொருளில் கோரிக்கை அனுப்பலாம். முதல் நாள் என்பதால் வருகிற கோரிக்கையெல்லாம் சின்னவளின் போனுக்கும் வரும்படி வைத்திருந்தாள். படித்தாள். ஒரு நொடி போனைக் கவிழ்த்துவிடலாமா என்று தோன்றியது. மறுப்பு என்று ஒரு தட்டுத் தட்டினால் போதும், யாருக்கும் தெரியாது. அதற்கான உரிமை அவளிடம் இருந்தது. உரிமையை எழுதியதே அவள்தான்.

தட்டவில்லை. போனை அக்காவின் முன்னால் வைத்தாள்.

'புதிய பொறுப்பாளர் கோரிக்கை. குழந்தையுடன் உறவு: அப்பா.' கீழே பெயர். பத்து இலக்கம், ஒன்றுகூடக் குறையவில்லை.

கூடத்தில் குட்டி பத்தொன்பதாவது ஜன்னல் வரைகிற சத்தம் கேட்டது.

"நாலு மாசம் கழிச்சு" என்றாள் அக்கா மெதுவாக. "இதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"மூணு இருக்குக்கா. ஏற்பு, மறுப்பு, காத்திருப்பு. இப்ப காத்திருப்புல இருக்கு. நான் தொடமாட்டேன். இது உன் கட்டம்."

"காத்திருப்புன்னா எத்தனை நாளைக்கு?"

"அதுக்கு நான் தேதி வெக்கலை."

அக்கா கத்தியைக் கையில் எடுத்தாள். மிச்சமிருந்த காயை ஒரே அளவாக நறுக்கி முடித்தாள். பலகையைக் கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டு, கதவு வழியாகத் தெரிந்த நீலப் பெட்டியைப் பார்த்தாள்.

"வெச்சிரு" என்றாள். "பத்து நாள்."